ரத்தக்கட்டி: எங்கே, எப்போது?

மாரடைப்பால் இறந்தவர்களைப் பிரேதப் பரிசோதனை செய்தால், சிலருடைய இதயத் தமனிக்குள் ரத்தக்கட்டி இருக்கும், சிலருக்கு இருக்காது. இதை வைத்துக்கொண்டு 1970-களின் கடைசிவரை மருத்துவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதிட்டார்கள். கட்டி அடைத்ததால்தான் இதயத் தசை செத்தது என்றது ஒரு தரப்பு. தசை செத்து ரத்த ஓட்டம் மந்தமான பிறகுதான் அங்கே ரத்தம் உறைகிறது, கட்டி வெறும் விளைவு என்றது இன்னொரு தரப்பு.

இந்த வழக்கைத் தீர்த்து வைத்தவர்கள் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஸ்போக்கேன் நகரத்து மருத்துவர்கள். மாரடைப்பு வந்தவருக்கு உடனே ஆஞ்சியோகிராம் எடுப்பது ஆபத்து என்று மற்றவர்கள் தயங்கிய காலத்தில், மார்கஸ் டிவுட்டும் அவருடைய சகாக்களும் வலி தொடங்கிய முதல் மணி நேரங்களிலேயே தமனிக்குள் சாயத்தைச் செலுத்திப் படமெடுத்தார்கள். 322 நோயாளிகளிடம் கண்டதை 1980-இல் வெளியிட்டார்கள். முதல் நான்கு மணி நேரத்துக்குள் பார்க்கப்பட்ட 126 பேரில் 110 பேருக்குத் தமனி முழுவதுமாக அடைபட்டிருந்தது. 12 முதல் 24 மணி நேரம் கழித்துப் பார்க்கப்பட்ட 57 பேரில் 37 பேருக்குத்தான் முழு அடைப்பு இருந்தது. அவசர அறுவைக்குப் போனவர்களின் தமனியிலிருந்து கட்டியை வெளியே எடுத்தும் காட்டினார்கள். காரணம் கட்டிதான் என்பது உறுதியாயிற்று. பிரேதப் பரிசோதனையில் சிலருக்கு அது ஏன் காணப்படவில்லை என்பதும் விளங்கியது. ரத்தக்கட்டி ஒரே நிலையில் இருப்பதில்லை. அது வளரும், உடையும், தானாகவே கரையவும் செய்யும். ஓரிடத்தில் தோன்றி வேறோர் இடத்துக்குப் போய் அடைக்கும்.

அதனால் இந்த நோயைக் கண்டறியும் மருத்துவருக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. கட்டி எங்கே? தொந்தரவு எப்போது தொடங்கியது? எந்தக் கருவியை எடுப்பது, எந்த ரத்தப் பரிசோதனையை நம்புவது, எந்த மருந்தைக் கொடுப்பது என்பதெல்லாம் இந்த இரண்டுக்கும் கிடைக்கும் பதிலைப் பொறுத்தவை.

உறைவது ஏன்?

காயம் பட்டால் ரத்தம் உறைய வேண்டும். குழாய்க்குள் ஓடும்போது உறையக் கூடாது. இந்தச் சமநிலை எப்போது குலைகிறது என்பதை முதலில் ஒழுங்காக விளக்கியவர் பெர்லினைச் சேர்ந்த ருடால்ஃப் விர்ச்சோ. 1840-களில் ஷாரிட்டே மருத்துவமனையின் பிணவறையில் பணியாற்றியபோது, நுரையீரல் தமனியை அடைத்திருக்கும் கட்டி பல சமயம் அங்கே உண்டானது அல்ல, கால் முதலிய இடங்களின் சிரைகளில் உருவாகி ரத்த ஓட்டத்தோடு வந்து சேர்ந்தது என்று அவர் நிறுவினார். ரத்தம் தேங்குதல், குழாயின் உட்சுவரில் சேதம், ரத்தத்துக்கே உறையும் போக்கு கூடுதல் ஆகிய மூன்றும் இன்றளவும் அவருடைய பெயரால்தான் மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தரப்படுகின்றன.

இதயத் தமனியில் முதன்மையானது இரண்டாவது காரணம். சுவரில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த கொழுப்புப் படிவின் மேல்மூடி ஒருநாள் கிழிகிறது. உள்ளே இருப்பது ரத்தத்தில் பட்டதும் தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டிக்கொள்கின்றன. நிமிடங்களில் கட்டி எழும்புகிறது. கால் சிரையில் முதன்மையானது முதல் காரணம். அறுவை சிகிச்சைக்குப் பின் படுக்கையில் கிடப்பது, எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு இருப்பது, நெடுந்தூரம் காலை அசைக்காமல் பயணிப்பது ஆகியவற்றால் ஓட்டம் மந்தமாகும். அங்கே சிவப்பணுக்களும் ஃபைப்ரின் என்ற நார்ப்புரதமும் பின்னிக்கொண்டு நீளமான சிவப்புக் கட்டி உருவாகிறது. கர்ப்ப காலம், புற்றுநோய், சில ஹார்மோன் மாத்திரைகள், பரம்பரைக் குறைபாடுகள் போன்றவை மூன்றாவது காரணத்தில் அடங்கும்.

மார்பு வலியும் ஒரு துண்டுத் தாளும்

மார்பு வலியோடு வருபவருக்கு மருத்துவமனைக்குள் நுழைந்த பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட விதி. நெதர்லாந்தின் வில்லெம் ஐந்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கி, 1924-இல் நோபல் பரிசு பெற்ற அதே நுட்பம்தான். செலவு குறைவு, வலி இல்லை, சில நிமிட வேலை.

அந்தத் தாளைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அது நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு சிறிய கட்டம் 0.04 நொடி. ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு சிறு மேடு, உயர்ந்த ஒரு கூர்முனை, பிறகு அகன்ற மேடு. கூர்முனைக்கும் கடைசி மேட்டுக்கும் நடுவில் உள்ள சமதளத்துக்கு எஸ்.டி. பகுதி என்று பெயர். தமனி முழுவதுமாக அடைபட்டால் இந்தச் சமதளம் அடிக்கோட்டைவிட்டு மேலே எழும்புகிறது. இ.சி.ஜி. இதயத்தைப் பல கோணங்களிலிருந்து பதிவு செய்கிறது; அவற்றில் அடுத்தடுத்த இரண்டு பதிவுகளில் ஒரு மில்லிமீட்டர் எழும்பினாலே மருத்துவர் விழித்துக்கொள்வார். மார்பின் நடுப்பகுதிப் பதிவுகள் சிலவற்றுக்கு மட்டும் அளவுகோல் சற்றுக் கூடுதல். இடமும் இதிலேயே தெரிந்துவிடும். மார்பின் முன்பக்கப் பதிவுகளில் எழும்பினால் இடது முன்புறத் தமனி. இரண்டு, மூன்று, ஏவிஎஃப் எனப்படும் பதிவுகளில் எழும்பினால் பெரும்பாலும் வலது கரோனரி தமனி. உடலைத் திறக்காமலே, கட்டி எந்தக் கிளையில் இருக்கிறது என்று ஒரு துண்டுத் தாள் சொல்லிவிடுகிறது.

ஆனால் முதல் இ.சி.ஜி. இயல்பாக இருந்தால் மாரடைப்பு இல்லை என்று அர்த்தமல்ல. கட்டி பாதி அடைத்திருக்கலாம்; சற்றுமுன் அடைத்து இப்போது வழிவிட்டிருக்கலாம். அதனால்தான் வலி நீடித்தால் சிறிது நேரத்தில் இன்னொன்று எடுக்கிறார்கள். "ஒருதடவை எடுத்தாயிற்றே, எதற்கு மறுபடியும்?" என்று உறவினர்கள் சலித்துக்கொள்ள வேண்டியதில்லை. நோய் நகர்ந்துகொண்டிருக்கும்போது பரிசோதனையும் கூடவே போக வேண்டும்.

டிரோப்போனின் விஷயமும் அப்படித்தான். இது இதயத் தசைக்குள் இருக்கும் புரதம். தசையணு சாகும்போது ரத்தத்தில் கசிகிறது. கசிந்து அளக்கும் நிலைக்கு வரச் சில மணி நேரம் ஆகும். வலி தொடங்கி அரை மணி நேரத்தில் வந்தவருக்கு அது இயல்பாகவே இருக்கலாம். இன்றைய நுண்ணிய பரிசோதனைகளில்கூட ஒன்று முதல் மூன்று மணி நேர இடைவெளியில் இரண்டாம் முறை பார்த்து, அளவு ஏறுகிறதா என்று கவனிக்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு, இதயத் தசை அழற்சி, நுரையீரல் அடைப்பு ஆகியவற்றிலும் டிரோப்போனின் உயரும். ஆகவே ஒற்றை எண் தீர்ப்பு சொல்லாது. மறுபுறம், இ.சி.ஜி.யில் எஸ்.டி. தெளிவாக எழும்பியிருந்தால் ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

ஏன் இத்தனை அவசரம்? இத்தாலியில் 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 1986-இல் வெளியான ஜிஸ்ஸி ஆய்வு அதற்குப் பதில் சொன்னது. கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தை வலி தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் பெற்றவர்களிடம் இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதித்தவர்களிடம் அந்த ஆய்வில் தெளிவான பலன் காணப்படவில்லை. மருந்து ஒன்றே, நேரம்தான் வேறு. இன்று அதைவிட மேலான வழியாக, மணிக்கட்டுத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைப்பை நேரில் பார்த்து, பலூனால் விரித்து ஸ்டென்ட் வைக்கிறார்கள். 1929-இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் தன் கைச்சிரை வழியாகத் தன் இதயத்துக்குள்ளேயே குழாயைச் செலுத்திப் பார்த்ததில் தொடங்கி, 1977-இல் ஜூரிக்கில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக் இதயத் தமனியில் செய்த முதல் பலூன் சிகிச்சை வரை நடந்துவந்த பாதை இது.

அதே வலி, எதிர் மருந்து

மார்பு வலியில் மருத்துவர் மிகவும் அஞ்சும் ஒரு நோய் உண்டு. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்து, ரத்தம் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே புகுந்துவிடுவது. ஒட்டுப்பலகையில் தண்ணீர் இறங்கினால் அடுக்குகள் பிரிந்துகொண்டே போவதைப் போல, இந்தப் பிளவு கழுத்துவரையும் வயிறுவரையும் ஓடக்கூடும். பிரிட்டன் மன்னர் இரண்டாம் ஜார்ஜ் 1760 அக்டோபர் 25-ஆம் தேதி காலையில் திடீரென விழுந்து இறந்தார். உடலைத் திறந்து பார்த்த அரச மருத்துவர் ஃபிராங்க் நிக்கோல்ஸ், பெருந்தமனியின் உட்புறத்தில் ஒரு குறுக்குக் கிழிசலையும், இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் நிரம்பி உறைந்திருந்த ரத்தத்தையும் பதிவு செய்தார். உறைக்குள் தேங்கிய ரத்தம் வெளியிலிருந்து அழுத்தியதால் இதயத்தால் விரிய முடியவில்லை.

இந்தப் பிளவு சில சமயம் இதயத் தமனியின் வாயையே அடைத்து, இ.சி.ஜி.யில் அசல் மாரடைப்பைப் போலவே காட்டும். அதை நம்பிக் கட்டி கரைக்கும் மருந்தைக் கொடுத்தால், கிழிந்த குழாயிலிருந்து கட்டுக்கடங்காத ரத்தப்போக்கு ஏற்படும். மாரடைப்பில் உயிர் காக்கும் மருந்து இங்கே உயிரைப் பறித்துவிடும்.

இரண்டையும் பிரித்தறிய முதலில் உதவுவது நோயாளியின் வாய்மொழி. மாரடைப்பு வலி பெரும்பாலும் மெல்லத் தொடங்கி ஏறும். அழுத்துவது போல, பாரம் வைத்தது போல இருக்கும். பெருந்தமனி கிழியும் வலி முதல் நொடியிலேயே உச்சத்தில் இருக்கும். மார்பிலிருந்து முதுகுக்கு நகரும். கிழிப்பது போல இருக்கிறது என்று நோயாளியே சொல்வார். அடுத்து மருத்துவரின் விரல்கள். இரண்டு கைகளிலும் நாடி ஒரே மாதிரி இருக்கிறதா? இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் எடுத்தால் 20 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வருகிறதா? பிறகு மார்பு எக்ஸ்ரேயில் நடுப்பகுதி அகன்றிருக்கிறதா? சந்தேகம் வலுத்தால் சி.டி. ஆஞ்சியோகிராம். இரண்டாவது கையில் ரத்த அழுத்தம் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. தவறான ஊசியைத் தடுக்க அந்த ஒரு நிமிடம் போதும்.

மூச்சுத்திணறலும் தெளிவான எக்ஸ்ரேயும்

காலில் உருவான கட்டி பிய்த்துக்கொண்டு கிளம்பினால் வலது மேலறை, வலது கீழறை வழியாக நுரையீரல் தமனிக்குள் போய்ச் சிக்குகிறது. நன்றாக இருந்தவருக்குத் திடீரென மூச்சு வாங்கும். மூச்சை இழுக்கும்போது விலாவில் குத்தும். நாடி வேகமாக ஓடும். சிலர் மயங்கி விழுவார்கள். சிலருக்கு இருமலில் ரத்தம் வரும். இ.சி.ஜி.யில் பல சமயம் வேகமான துடிப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது. மார்பு எக்ஸ்ரே ஏறக்குறைய சுத்தமாக இருக்கும். நிமோனியாவோ நீர்க்கோர்ப்போ இல்லாமல் ஒருவர் இப்படித் திணறுகிறார் என்றால், அந்தச் சுத்தமான எக்ஸ்ரேயே ஒரு தடயம். எக்கோவில் வலது கீழறை விரிந்து திணறுவது தெரிந்தால் சந்தேகம் கூடும். கட்டியை நேரில் காட்டுவது சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. வெண்மையாக ஒளிரும் தமனிக்குள் கறுப்பு நிழலாக அது தெரியும். சில சமயம் இரண்டு நுரையீரல்களுக்கும் கிளை பிரியும் இடத்தில் குறுக்கே படுத்திருக்கும்.

எல்லா மூச்சுத்திணறலுக்கும் சி.டி. எடுக்க முடியாது; கதிர்வீச்சும் சாயமும் உடலுக்குச் சுமை. அங்கேதான் டி-டைமர் வருகிறது. கோவிட் காலத்தில் இந்தப் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்துபோனது. ஆய்வகத்துக்குத் தாங்களே போய்ப் பரிசோதித்துக்கொண்டு, எண்ணைப் பார்த்துப் பதறியவர்கள் ஏராளம். ஃபைப்ரின் கரையும்போது உதிரும் துணுக்குத்தான் டி-டைமர். காய்ச்சல், தொற்று, கர்ப்பம், அறுவை சிகிச்சை, முதுமை என எதிலும் அது உயரும். ஆகவே உயர்ந்த எண் கட்டி இருப்பதை நிரூபிக்காது. அதன் உண்மையான பயன் எதிர்த்திசையில். கட்டிக்கு வாய்ப்புக் குறைவு என்று மருத்துவர் ஏற்கெனவே கணித்த ஒருவருக்கு டி-டைமர் இயல்பாக இருந்தால், கட்டி இல்லை என்று நம்பி வீட்டுக்கு அனுப்பலாம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, 500 என்ற பொது வரம்புக்குப் பதிலாக வயதைப் பத்தால் பெருக்கி வரும் எண்ணை வரம்பாகக் கொள்ளும் முறையும் வழக்கத்தில் இருக்கிறது. எழுபது வயதுக்காரருக்கு அது 700. முதலில் மருத்துவரின் கணிப்பு, அதன் பிறகே பரிசோதனை. வரிசை மாறினால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

சிரையை அழுத்திப் பார்த்தல்

கால் சிரையில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் முறை, மருத்துவத்தில் இருக்கும் மிக எளிய பரிசோதனைகளில் ஒன்று. தொடை இடுக்கில் ஜெல் தடவி ஸ்கேன் கருவியை வைத்ததும் திரையில் இரண்டு கறுப்பு வட்டங்கள் அருகருகே தோன்றும். ஒன்று தமனி, ஒன்று சிரை. கருவியால் மெல்ல அழுத்துகிறார்கள். தமனியின் சுவர் தடிப்பு. அது வட்டமாகவே நின்று துடிக்கும். சிரையின் சுவர் மெல்லியது. அது சப்பையாகி மறைந்துவிடும். விட்டால் மறுபடி வட்டமாகும். உள்ளே கட்டி இருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் சிரை சப்பையாகாது. அந்த அசையாத வட்டம்தான் நோய். முழங்கால் மடிப்புக்குப் பின்னாலும் இதையே செய்கிறார்கள். டாப்ளர் வண்ணங்கள் ஓட்டத்தைக் காட்டி உதவும்; தீர்ப்பு பெரும்பாலும் இந்த அழுத்தத்தில்தான் கிடைக்கிறது.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தால் அதைச் சதைப்பிடிப்பு என்று நினைத்து எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். சிரையில் கட்டி இருக்கும் காலை நீவுவது, அதைப் பெயர்த்து நுரையீரலுக்கு அனுப்பும் வேலையாக முடியலாம். முதலில் ஸ்கேன், பிறகு மற்றவை.

இதயத்திலிருந்து புறப்படும் கட்டி

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் அதிர மட்டும் செய்தால், இடது மேலறையில் பை போல ஒட்டியிருக்கும் ஒரு சிறு மூலையில் ரத்தம் தேங்கி உறைகிறது. முதுமையில் இது பரவலாக வரும். நம் நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. சிறுவயதில் தொண்டைத் தொற்றுக்குப் பின் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் ஈரிதழ் வால்வு சுருங்கிப்போனவர்கள் இங்கே அதிகம். அவர்களில் முப்பது வயதிலேயே இப்படிக் கட்டி உருவாகிறவர்கள் இருக்கிறார்கள். மார்பின் மேல் வைத்துப் பார்க்கும் எக்கோவில் அந்த மூலை சரியாகத் தெரியாது. உணவுக்குழாய் இடது மேலறைக்கு நேர் பின்னால் ஓடுவதால், வாய் வழியாகக் கருவியை இறக்கி உள்ளிருந்தே பார்க்கிறார்கள்.

அங்கிருந்து கிளம்பும் கட்டி எந்தக் கிளைக்குள் போகிறதோ அதுவே நோயின் முகம். மூளைக்குப் போனால் பக்கவாதம். காலுக்குப் போனால் கால் திடீரென வெளுத்து, சில்லிட்டு, வலித்து, நாடி இழந்து, பிறகு மரத்து அசையாமல் போகும். 1963-இல் தாமஸ் ஃபோகர்ட்டி வெளியிட்ட பலூன் குழாய் முறையால், சிறு கீறல் வழியாகக் கட்டியை இழுத்தெடுத்துக் காலைக் காப்பாற்றலாம். அதற்குச் சுமார் ஆறு மணி நேரம்தான் அவகாசம். பக்கவாதத்தில் கட்டி கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம். அங்கே மருத்துவர் கேட்கும் கேள்வி, கடைசியாக அவர் நன்றாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்பது. அதற்கு எந்த ஸ்கேனும் பதில் சொல்லாது. வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

நம் கையில் இருப்பது

பெரிய கருவிகள் எல்லா ஊரிலும் இருக்காது. இருக்கும் கருவிகளைச் சரியாகக் கோத்தாலே உயிர்கள் பிழைக்கும் என்று தமிழ்நாட்டில் நடந்த ஒரு முயற்சி காட்டியிருக்கிறது. சிறு மருத்துவமனைகளை ஆஞ்சியோ வசதியுள்ள மையங்களோடு இணைத்து, இ.சி.ஜி.யை உடனுக்குடன் அனுப்பி, ஆம்புலன்ஸையும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவந்தார்கள். 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த அந்த ஆய்வு 2017-இல் வெளியானது. ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தது. 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின் கீழ், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாட்டின் மருந்துகளின் முதல் தவணையைக் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடும் வந்திருக்கிறது.

ஆனால் இவை அனைத்தும் நோயாளி வந்து சேர்ந்த பிறகு நடப்பவை. அதற்கு முந்தைய நேரம் வீட்டில் கரைகிறது. "வாயுப் பிடிப்பாக இருக்கும்" என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் ஜெலுசிலும் கொடுத்து விடியும்வரை பார்ப்பதில்தான் அந்தப் பொன்னான முதல் மணி நேரம் போய்விடுகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் பெண்கள் பலருக்கும் மார்பு வலியே இல்லாமல், வியர்வை, வாந்தி, தாடை வலி, காரணமில்லாத களைப்பு என்று மாரடைப்பு வருவதால், அவர்களுடைய நேரம் இன்னும் எளிதில் வீணாகிறது.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். திடீர் மார்பு வலி, திடீர் மூச்சுத்திணறல், ஒற்றைக் கால் வீக்கம், சில்லிட்டு வெளுத்த கை அல்லது கால், கோணிய வாய், இவற்றில் எது வந்தாலும் முதலில் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 108-ஐ அழையுங்கள். நோயாளியைத் தானே வண்டி ஓட்டிப் போக விடாதீர்கள். சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் பழைய இ.சி.ஜி.யையும் கையோடு எடுத்துப் போங்கள். பழைய தாளோடு ஒப்பிட்டால்தான் புதிய மாற்றம் தெரியும். மருத்துவரிடம் முதல் வாக்கியமாக, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று சொல்லுங்கள். எங்கே என்பதை அவர் கண்டுபிடித்துக்கொள்வார். எப்போது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.